கரண்டிமூக்கு உள்ளானைத் தேடிச் செல்வோருக்கு

ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியிலுள்ள சுகோட்கா, கம்சத்கா கடற்கரைகளில் கோடையில் குஞ்சு பொரித்து, வழியில் மஞ்சள் கடலின் சேற்றுப்பரப்புகளில் தங்கி இரையெடுத்து, குளிர்காலத்தைக் கழிக்க வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து வரை ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் பறந்து வரும் பறவை கரண்டிமூக்கு உள்ளான். அழிவின் விளிம்பில் உள்ள இனமாக 2008 முதல் பட்டியலிடப்பட்டிருக்கும் இது, உலகில் சில நூறு மட்டுமே எஞ்சியுள்ளது. சிட்டுக்குருவியளவே இருக்கும் இப்பறவையைப் பெருங்கூட்டத்தின் நடுவே கண்டுபிடிக்க, விலையுயர்ந்த தொலைநோக்கியைக் காட்டிலும், கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையே முதலில் தேவை என்பது என் கருத்து.

வற்றத்தின்போது சேற்றுப்பரப்பு வெகுதூரம் விரிந்துகிடப்பதால் பறவைகள் கண்ணுக்கெட்டாத தொலைவில் சிதறி மேயும். ஏற்றம் உச்சத்தை நெருங்க நெருங்க, நீரே அவற்றைக் கரையை நோக்கித் தள்ளிவரும். ஆகவே உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே இடம்பார்த்து அமர்ந்துவிட வேண்டும். நாளுக்கு இருமுறை ஏற்றம் காணும் கரைகளில் உச்ச நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், நேற்றைய நேரத்தை நம்பி இன்று புறப்படுவது பயன் தராது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிகுந்து வழக்கமான மணல்திட்டுகள் மூழ்கிவிட்டால், பறவைகள் பின்னாலுள்ள உப்பளங்களுக்கு இடம்பெயரக்கூடும். அவற்றையும் முன்பே பார்த்துவைப்பது நல்லது. கதிரவன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். நண்பகலில் கானல் எழுந்து உருவங்களைக் குலைத்துவிடும்.

அடையாளம் காண்பதில்தான் பொறுமை வேண்டும். குளிர்கால இறகில் இதுவும் செங்கழுத்துக் கொசு உள்ளானும் மேலே சாம்பல், கீழே வெண்மை என ஒன்றுபோலவே தோன்றும். பெயருக்குக் காரணமான அகன்ற அலகு நுனி, பக்கவாட்டில் பார்க்கும்போது அநேகமாகத் தெரிவதே இல்லை. பறவை நம்மை நோக்கித் திரும்பும் அந்த ஓரிரு நொடிகளில்தான் அது புலப்படும். எனவே தாங்குகாலில் பொருத்திய தொலைநோக்கியைக் கூட்டத்தின் ஒரு முனையில் நிறுத்தி, ஒவ்வொரு பறவையும் முகம் காட்டும்வரை காத்திருந்து, அதன் பின்னரே அடுத்ததற்கு நகர வேண்டும். இரையெடுக்கும் முறையும் துணைபுரியும்: மற்றவை சேற்றைக் கொத்திக் கொத்தி நகர, இது ஆழமற்ற நீரில் தலை தாழ்த்தி அலகை இருபுறமும் அசைத்தபடி முன்னேறுவதைப் பலமுறை காணலாம். ஆயினும் நடத்தையை மட்டும் வைத்து முடிவு கட்டலாகாது.

கண்டதும் நெருங்கிப் படமெடுக்கும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் ஒருமுறை கூட்டத்தைக் கிளப்பிவிட்டால், நெடும்பயணத்துக்கென அவை சேர்த்துவைத்த கொழுப்பு வீணாகிறது. பறவைகள் தலைநிமிர்த்தி அசையாமல் நின்றாலே நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள். ட்ரோனைப் பறக்கவிடவே கூடாது.

காலில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்காக வண்ணக் கொடி மாட்டியிருந்தால், படத்தைவிட அதைக் குறித்துக்கொள்வதே பெரும் பயனுடையது. எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, என்ன நிறம், என்ன எழுத்து என்பவற்றை அங்கேயே ஏட்டில் எழுதி, நாள், இடம், நேரத்துடன் பறவை வளையமிடும் திட்டத்துக்கு அனுப்ப வேண்டும். எழுத்துகளில் ஒன்று தெளிவாகத் தெரியாவிட்டால் ஊகித்து நிரப்பாமல், அந்த இடத்தை வெறுமையாக விட்டே அனுப்புங்கள்.