புறநானூற்றில் சாவுச் சடங்குகளைப் படித்தறியும் முறை

புறநானூற்றில் சாவுச் சடங்குகளைத் தேடிப் படிக்க விரும்புகிறவர் முதற்பாட்டிலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டியதில்லை. 217 முதல் 256 வரையுள்ள பாடல்களை முதலில் எடுத்துக்கொள்ளலாம். கையறுநிலை (இறந்தவரை எண்ணிச் செயலற்று வருந்துதல்), தாபதநிலை (கணவனை இழந்தவள் நோன்பிருத்தல்), முதுபாலை (வழியில் கணவனை இழந்தவளின் புலம்பல்) முதலிய துறைகள், அதாவது பாடலின் பொருட்பிரிவுகள், அங்கேதான் திரண்டிருக்கின்றன. துறைக் குறிப்பு தொகுத்தோர் சேர்த்தது என்பதால், அதனை வழிகாட்டியாக மட்டும் கொள்க.

அடுத்து, யார் யாரிடம் பேசுகிறார் என்பதைப் பாருங்கள். 228, 256 ஆகிய இரண்டு பாடல்களும் 'கலஞ்செய் கோவே' என்று குயவனையே விளிக்கின்றன. முன்னதில் ஐயூர் முடவனார், இறந்த சோழன் கிள்ளிவளவனுக்கேற்ற தாழியை (பிணத்தை இட்டுப் புதைக்கும் பெரிய மட்பானையை), நிலத்தையே திகிரியாகவும் (குயவனின் சக்கரமாகவும்) பெருமலையையே மண்ணாகவும் கொண்டு உன்னால் வனைய முடியுமா என்று கேட்கிறார். பின்னதில், வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சிறுபல்லியைப் போலக் கணவனோடு சுரம்பல கடந்து வந்த பெண், தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாக வனையுமாறு வேண்டுகிறாள். ஊர்க் குயவன் ஈமத்தாழி வனைவது வழக்கத்தில் இருந்ததால்தான், அந்தத் தாழியின் அளவு ஒரு புலவருக்கும் ஒரு பெண்ணுக்கும் துயரத்தின் அளவாக முடிந்தது. தொல்லியல் களமான ஆதிச்சநல்லூரில் எலும்புகளோடு அகழ்ந்தெடுக்கப்பட்ட பெருந்தாழிகளை நினைவில் வைத்துக்கொண்டு இவ்விரண்டையும் மீண்டும் படியுங்கள்.

பிண்டம் வைக்கும் பாடல்களில் இடத்தின் அளவைக் கவனிக்க வேண்டும். 234-இல் இறந்த சிற்றரசன் வேள் எவ்வியின் மனைவி பெண்யானையின் அடியளவு இடத்தை மெழுகி, புல்மேல் பிண்டம் வைக்கிறாள். பலரோடு உண்டு பழகியவன் அதை எப்படி உண்டான் என்று புலவர் கேட்கிறார். 249-இல் நேற்றுவரை பலரோடு கூடி உண்டவனுக்காக மனைவி மெழுகும் இடம் ஒரு சுளகளவுதான் (முறத்தின் அளவுதான்). சாணத்தைக் கரைக்கும் நீர் அவளுடைய கண்ணீர். இந்தப் பாட்டை விரைந்து கடந்துபோக எனக்கு ஒருநாளும் முடிந்ததில்லை.

ஒரு பாட்டை வைத்து எல்லோருக்குமான வழக்கம் இதுவென்று முடிவு கட்டாதீர்கள். 246-இல் பாண்டிய அரசி பெருங்கோப்பெண்டு, கணவனை இழந்த தனக்குத் தாமரைப் பொய்கையும் ஈமத்தீயும் ஒன்றே என்கிறாள். 248-இல் இன்னொருத்தி அல்லியரிசி (ஆம்பலின் விதை) உண்டு கைம்மை நோற்று வாழ்கிறாள். சுடுதல், இடுதல் (வெளியில் அப்படியே போட்டுவிடுதல்), குழியில் புதைத்தல், தாழ்வயின் அடைத்தல் (தாழ்ந்த இடத்தில் வைத்து அடைத்தல்), தாழியில் கவித்தல் என ஐந்து முறைகளை மணிமேகலை ஒரே ஈமப்புறங்காட்டில் காட்டுகிறது.

இறந்த வீரனுக்கு நாட்டும் நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் காட்சி (கல்லைத் தேடிக் காணுதல்), கால்கோள் (அதை எடுத்துக்கொள்ளுதல்), நீர்ப்படை (நீராட்டுதல்), நடுதல், பெரும்படை (சிறப்புச் செய்தல்), வாழ்த்தல் என்னும் ஆறு நிலைகளையும் அறிந்துகொண்டு 232-க்கு வாருங்கள். சிற்றரசன் அதியமானின் கல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைப்பதைச் சடங்குக் குறிப்பாக எழுதிக்கொண்டபின், மலை பொருந்திய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் சிறுகலத்தில் உகுக்கும் இந்தக் கள்ளைக் கொள்வானோ என்று ஔவையார் கேட்பதை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள்.