பிள்ளை சொன்ன பிறகு பெற்றோர் செய்யும் தவறுகள்

மகளிர் காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் மடியில் ஒரு துணிக்கடைப் பை. உள்ளே மகளின் பள்ளிச் சீருடை. துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொண்டுவந்திருந்தார். "ஆதாரத்துக்கு டிரெஸ் கேப்பாங்கன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க, அதான்" என்றார். எஸ்.ஐ. அம்மா பையைத் திறந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். அழுக்குத் துணியை அப்படியே ஸ்டேஷனுக்கு எடுத்துவர எந்தத் தாய்க்கு மனசு வரும்?

போக்சோ, அதாவது பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம், அதன் கீழ் வரும் வழக்குகளில் குடும்பத்தோடு ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று கூடவே போகிற வேலை எனக்கு. விதிகளில் இதற்கு 'ஆதரவு நபர்' என்று பெயர். நான் பார்த்தவரை, பெற்றோர் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் முதல் இரண்டு நாளில், பாசத்தாலும் பதற்றத்தாலும் நடப்பவை. அதன் விளைவு குறுக்கு விசாரணை நடக்கும்போதுதான் தெரியவரும்.

வீட்டிலேயே விசாரணை

பிள்ளை முதலில் அம்மாவிடம் சொல்கிறது. அம்மா அப்பாவைக் கூப்பிட்டு, "நீயே சொல்லு" என்று நிறுத்துகிறாள். ராத்திரி பஸ் பிடித்து மாமா வருகிறார், காலையில் பெரியம்மா வருகிறார். ஆளுக்கொரு தடவை. நான்காவது தடவைக்குள் பிள்ளை பெரியவர்களின் முகத்தைப் படித்துவிடும். எந்த இடத்தில் அம்மா அழுகிறாள், எந்த இடத்தில் அப்பா பல்லைக் கடிக்கிறார் என்று அதற்குத் தெரியும். சில பிள்ளைகள் அந்த இடத்தை விழுங்கிவிடுகிறார்கள். சிலர் "அங்க தொட்டானா? இங்கயும் தொட்டானா?" என்ற கேள்விக்கெல்லாம் தலையாட்டிவிடுகிறார்கள்.

ஒரு அப்பா செல்போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தார். 11 நிமிடம். அதில் பிள்ளை பேசியது மூன்று நிமிடம்கூட இருக்காது, மிச்சமெல்லாம் அப்பாவின் குரல். ஆதாரம் என்று அவர் நினைத்து எடுத்தது எதிர்த்தரப்பு வக்கீலுக்குத்தான் உதவியது. "அப்பா சொல்லிக் கொடுத்ததைத்தானே சொல்ற?" என்று கேட்க அவருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

கேட்கவேண்டியது "என்ன நடந்துச்சு?", அதற்குப் பிறகு "அப்புறம்?" அவ்வளவுதான். பிள்ளை நிறுத்தினால் நிறுத்தட்டும். அது போன பிறகு ஒரு நோட்டில் தேதி, நேரம் போட்டு, அது சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். உடலுறுப்புக்கு வீட்டில் ஒரு செல்லப் பெயர் இருக்கும், பிள்ளை அதைச் சொல்லியிருந்தால் அதையே எழுதுங்கள், திருத்த வேண்டாம். "நீ சொன்னது நல்லதாப் போச்சு, உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று மட்டும் சொல்லுங்கள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்துவிடாதீர்கள், நாளைக்கே அதை மீற வேண்டியிருக்கும். "அப்பவே ஏன் சொல்லல?" என்ற கேள்வியும் வேண்டாம். பிள்ளையின் காதில் அது "தப்பு உன்னுடையது" என்றுதான் விழும்.

விவரமாகக் கேட்பதற்குச் சட்டம் வேறு ஆட்களை வைத்திருக்கிறது. பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும், கூடுமானவரை எஸ்.ஐ. தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும், சீருடையில் வரக்கூடாது, ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. இதெல்லாம் போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவு. அம்மாவோ அப்பாவோ பிள்ளை நம்புகிற வேறு யாரோ கூட இருக்கலாம். பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் ஒரு வாக்குமூலம். குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) அது 183-ஆம் பிரிவாகிவிட்டது, ஆனாலும் கோர்ட் வளாகத்தில் இன்னும் பழைய சட்டத்தின் எண்ணை வைத்து '164 ஸ்டேட்மென்ட்' என்றுதான் சொல்வார்கள்.

குளிப்பாட்டுவதும் துவைப்பதும்

சம்பவம் நடந்து நான்கு நாளுக்குள் தெரிந்தால், முதலில் போகவேண்டியது ஆஸ்பத்திரிக்கு. குளிக்க வைக்காதீர்கள், உடை மாற்றாதீர்கள். மாற்றியிருந்தால் அந்தத் துணியை நியூஸ்பேப்பரில் சுற்றியோ காகிதப் பையில் போட்டோ வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் நின்று பூஞ்சை பிடித்துவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது.

எஃப்.ஐ.ஆர். இல்லாமல் பார்க்க மாட்டோம் என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது, தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி. சிகிச்சை இலவசம். பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் 'இரண்டு விரல் பரிசோதனை' கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது, 2022-இல் இன்னும் கடுமையாகச் சொன்னது. டாக்டர் "வெளிக்காயம் இல்லை" என்று எழுதினால் பல பெற்றோர் அங்கேயே உடைந்துபோகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளின் உடம்பில் காயம் இருக்காது. அதனால் வழக்கு விழுந்துவிடாது, பிள்ளையின் சாட்சியம்தான் இங்கே பெரிது.

ஏற்கெனவே துவைத்துவிட்டீர்களா? சரி, துவைத்ததைத் துவைத்தது என்றே சொல்லுங்கள். பொய் சொல்லி மறைப்பதுதான் பிறகு சிக்கலாகும்.

பேசி முடிப்பது

இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். இப்படிச் செய்பவன் பெரும்பாலும் தெரிந்தவனாகத்தான் இருப்பான். அதனால் பேசி முடிக்க ஆட்களும் தெரிந்தவர்களாகவே வருவார்கள். ஊர்ப் பெரியவர் வருவார், பள்ளியிலிருந்து யாராவது வருவார்கள், சொந்தத்தில் ஒரு சித்தப்பா வருவார். "பொண்ணோட வாழ்க்கையை நினைச்சுப் பாருங்க" என்று ஆரம்பித்து, ஒரு தொகையில் முடியும். நினைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சில் பிள்ளையின் பெயரே வராது.

குற்றம் நடந்தது தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு வருடம் வரை. கட்டப்பஞ்சாயத்தில் கையெழுத்துப் போட்ட காகிதத்துக்கும் மதிப்பில்லை. ராஜஸ்தானில் ஒரு ஆசிரியர் மீதான வழக்கை, பிள்ளையின் அப்பா சமரசமாகிவிட்டார் என்று சொல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் அந்த வழக்குக்குத் திரும்ப உயிர் கொடுத்தது.

"சட்டை மேலதானே கை வச்சான்" என்பது இன்னொரு சமாதானம். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு அதே போல ஒரு தீர்ப்புச் சொன்னபோது, 2021-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கிப் போட்டது. எந்த எண்ணத்தோடு தொட்டான் என்பதுதான் கேள்வி, துணி நடுவில் இருந்ததா என்பதில்லை. "ஆம்பளப் பையன்தானே, மறந்துடுவான்" என்பதும் இதே ரகம். போக்சோ ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒன்றுதான்.

சமரசத்துக்கு நேர் எதிர், ஆளை அடிப்பது. அப்பாவின் ஆத்திரம் புரிகிறது. ஆனால் அடித்த மறுநாள் அப்பா மீதும் ஒரு எஃப்.ஐ.ஆர்., அப்புறம் "ரெண்டு கேஸையும் வாபஸ் வாங்கிக்கலாம்" என்று ஒரு தூது. வேண்டுமென்றே இதற்காகச் சீண்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சி.எஸ்.ஆர். காகிதத்தோடு திரும்பிவருவது

புகார் கொடுத்தால் சில ஸ்டேஷன்களில் மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., கொடுத்து அனுப்புவார்கள். பலர் அதையே எஃப்.ஐ.ஆர். என்று பத்திரமாகப் பீரோவில் வைத்திருப்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. போக்சோ புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும், அதன் நகல் உங்களுக்கு இலவசம். எல்லை வேறு என்று திருப்பி அனுப்பவும் முடியாது. போட மறுத்தால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் புகாரை அனுப்பி, ரசீதை வையுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தாலும் ஆள் வரும். புகார் பதிவான 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஆதரவு நபரை அந்தக் குழுதான் நியமிக்கிறது, நீங்களும் கேட்டு வாங்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார். இடைக்கால இழப்பீடு கேட்பதற்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எஃப்.ஐ.ஆர். பதிவானதும் சிறப்பு நீதிமன்றத்தில் கேட்கலாம்.

குரூப்பில் போடுவது

மற்ற பெற்றோரை எச்சரிக்கிறோம் என்று வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிடுகிறார்கள். பெயரை மட்டும் மறைத்து, எந்த வகுப்பு, எந்தத் தெரு என்று எழுதினாலே பிள்ளை யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடையாளத்தை வெளியிடுவது குற்றம். படமோ வீடியோவோ சம்பந்தப்பட்டிருந்தால், ஆதாரம் என்று சொல்லி மாமாவுக்கும் தலைமையாசிரியருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்புவதே தனிக் குற்றம். போனை அப்படியே போலீஸிடம் கொடுங்கள். ஆத்திரத்தில் சாட் மெசேஜ்களை அழிப்பதும், போனை ரீசெட் செய்வதும் வேண்டாம்.

புகார் உங்கள் பையன் மீது என்றால்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் அந்தப் பெற்றோரும் இருக்கிறார்கள். முதல் தவறு, பழத்தட்டோடு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போவது. மன்னிப்புக் கேட்கத்தான் போனீர்கள் என்றாலும் சாட்சியை மிரட்டியதாகத்தான் பதிவாகும். அடுத்தது, பையனைச் சொந்தக்காரர் வீட்டில் ஒளித்து வைப்பது. 18 வயது முடியாதவன் என்றால், வயதுக்கான சான்றுகளை, முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை, கையில் எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, கைவிலங்கு போடக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். "என் பையன் அப்படிச் செய்யவே மாட்டான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். அவன் உங்களிடம் உண்மையைச் சொல்ல நினைத்திருந்தாலும், அதற்குப் பிறகு சொல்லமாட்டான்.

மகளின் காதலைப் பிரிக்கப் போக்சோவைக் கையிலெடுக்கிறவர்கள் தனி ரகம். இளம் வயதுக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கிறது. கடைசியில் அப்பாவுக்கு எதிராகவே மகள் கூண்டில் நிற்பாள்.

கோர்ட்டுக்குப் போகிற நாள்

ஒரு வருடத்துக்குள் விசாரணையை முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் வாய்தா மேல் வாய்தா போகும். முதல் நாள் ராத்திரி பிள்ளையை உட்காரவைத்து, பரீட்சைக்குப் படிக்க வைப்பது போல ஒப்பிக்க வைக்காதீர்கள். "மறந்துட்டா, மறந்துட்டேன்னு சொல்லலாம். கேள்வி புரியலன்னா, புரியலன்னு சொல்லலாம்" என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். வக்கீல் நேராகப் பிள்ளையைக் கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவனைப் பிள்ளை பார்க்காதபடி திரையோ வீடியோவோ வைக்க வேண்டும். வாசலிலேயே எதிரில் வந்துவிடுவான் என்ற பயம் இருந்தால், முந்தைய நாளே அரசு வக்கீலிடம் சொல்லி வேறு வழியாக அழைத்துப் போக ஏற்பாடு செய்யுங்கள். காலையில் போனால் மதியத்துக்கு மேல்கூட கூப்பிடுவார்கள். தயிர் சாதம், தண்ணீர் பாட்டில், கலர் பென்சில், ஒரு வரையும் நோட்டு எடுத்துப் போங்கள்.