முகம் அழிந்த புகைப்படத்திலிருந்து ஓர் ஓவியம்

பாலக்கோட்டு வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி. அதற்குள் ஆயாவின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், ஒரே புகைப்படம். ஸ்டுடியோ நாற்காலியைப் பிடித்தபடி நிற்கிறார், இடுப்பில் குழந்தை. அம்மாவின் அண்ணன் அது, இரண்டு வயதில் தவறிப்போனவர். ஈரம் ஏறி ஆயாவின் முகம் வெளுத்துவிட்டது. அதை நான் வரைந்த முறையை, தூரிகையே பிடித்திராதவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் படத்தைக் காப்பாற்றுங்கள். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், உருவம் கண்ணாடியோடு போய்விடும். ஃபிரேமோடு ஜன்னலோரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் போனில் எடுங்கள். தனிப்படமாக இருந்தால் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும். இனி வேலையெல்லாம் பிரிண்ட் எடுத்த நகலில்தான்.

கட்டம் போடுங்கள். நகல் 3க்கு 4 அங்குலம் என்றால், அரை அங்குலத்துக்கு ஒரு கோடு. 48 கட்டங்கள் வரும். 12க்கு 16 அங்குலம், 300 ஜிஎஸ்எம் தடிமனான தாளில் 2 அங்குலக் கட்டம் போட்டால் அங்கும் அதே 48. ஒரு கட்டத்துக்குள் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பதை மட்டும் பார்த்து, பென்சிலை அழுத்தாமல் வரையுங்கள்.

முகத்தில் தொடங்காதீர்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் நிற்கின்றன, போய்ப் பாருங்கள். மூக்கும் கண்ணும் தேய்ந்துபோனாலும், வில்லைப் பிடித்து நிற்கும் நிலை இன்னும் அந்த வீரனைக் காட்டுகிறது. மனிதர் நிற்கும் விதத்தில்தான் இருக்கிறார். ஆயாவின் இடது தோள் சற்று இறங்கியிருக்கிறது. குழந்தையின் தொடையில் ஐந்து விரலும் அழுந்தியிருக்கின்றன. அந்த ஒரு கையை மூன்று நாள் வரைந்தேன்.

வண்ணம். தண்ணீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக் போதும். பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் கலந்தால் பழைய புகைப்படத்தின் கருமை கிடைக்கும். வெள்ளை சேர்த்து இரண்டு சாம்பல் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இருட்டான இடங்களை முதலில் நிரப்புங்கள்.

மங்கலாக்குவது. ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 1965இல் தன் சித்தியைக் குடும்பப் புகைப்படத்திலிருந்து வரைந்தார். நாஜிகளால் கொல்லப்பட்ட பெண் அவர். படத்தில் கைக்குழந்தையாக இருப்பது ரிக்டரேதான். ஈர வண்ணத்தின் மேல் உலர்ந்த தூரிகையை இழுத்து உருவத்தை மங்கலாக்கினார். அவருடையது எண்ணெய் வண்ணம், மெதுவாகக் காயும். நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் நிமிடங்களில் இறுகிவிடும். அதனால் சிறு சிறு பகுதியாகப் பூசி, தண்ணீர் தெளித்து, அகலத் தூரிகையால் ஒரே பக்கமாக இழுங்கள்.

அழிந்த இடம். முதல் தடவை அம்மாவின் ஜாடையை வைத்து ஆயாவுக்கு முகம் போட்டேன். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நான்ல கண்ணு?" என்றார். அழுதேவிட்டேன். இரண்டாம் தாளில் அந்த இடத்தில் பூசவே இல்லை. தாளின் வெள்ளை அப்படியே இருக்கிறது. நீங்களும் கரையான் தின்ற மூலையை நிரப்பாதீர்கள், அதன் விளிம்பை நுணுக்கமாக வரையுங்கள்.

கடைசியாக, நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் புடவை என்ன நிறம் என்று வீட்டுப் பெரியவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். அம்மா கத்தரிப்பூ நிறம் என்றார். பெரியம்மா அரக்கு என்று அடித்துச் சொன்னார். முந்தானையில் கத்தரிப்பூவும் கொசுவத்தில் அரக்கும் மெல்லிய நீர்ப்பூச்சாகக் கொடுத்தேன். தாளின் பின்னால் இருவர் சொன்னதையும் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.