காசிமேட்டு வெயிலில் டிரோன் படம்: எந்த ஃபோனைக் கொண்டுவருவது?

வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வருபவர்களுக்கு முதலில் ஒன்று: டிரோனைப் பெட்டியில் வைக்காதீர்கள். வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி முதல் இந்தியாவில் தடை இருக்கிறது, சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கம் மேலிருந்து படமெடுக்க ஆசையென்றால் பதிவெண்ணும் பைலட் சான்றிதழும் உள்ள உள்ளூர்க்காரரை அமர்த்துங்கள். நாள் குறிக்கும் முன் டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைப் பாருங்கள். சிவப்பு மண்டலமென்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். துறைமுகம், அனல்மின் நிலையம், மணலி சுத்திகரிப்பு ஆலை என்று நெருக்கமாக இருக்கும் பகுதி இது. அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்.

நீங்கள் கொண்டுவர வேண்டியது நல்ல திரை. டிரோனை இயக்கும் கன்ட்ரோலர் ஃபோன் பொருத்தும் வகை என்றால் உங்கள் ஃபோனையே மாட்டச் சொல்லுங்கள். பறக்கும்போதே முன்னோட்ட வீடியோ அதில் சேமிப்பாகும்.

பிராசஸரைவிடத் திரையின் வெளிச்சத்தைப் பாருங்கள், அதை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். கடற்கரையில் 1000 நிட்ஸுக்குக் குறைந்தால் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும். ஐபேட் மினி 500 நிட்ஸ்தான்; டிஜேஐ டிரோன்களின் ஆர்சி-என்1 கன்ட்ரோலர் பிடியிலும் அடங்காது, அது 86 மி.மீ. அகலம்வரைதான் விரியும். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ்ஸும் கிடையாது.

அடுத்தது சூடு. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வரம்பு 35 டிகிரி; சித்திரை வெயில் அதைச் சுலபமாகத் தாண்டும். சூடேறினால் ஃபோன் தானாகவே திரையை மங்கலாக்கும், வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினாலும் பலனில்லை. உறையைக் கழற்றுங்கள், கன்ட்ரோலரிலிருந்து சார்ஜ் ஏறுவதை நிறுத்துங்கள், நிழலில் நில்லுங்கள். ஐஸ் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே நீர் கோக்கும். காலை ஏழு மணிக்குள் முடிப்பதே நல்லது. பிற்பகலில் கடலைப் பார்த்து நின்றால் வெயில் தோளுக்கு மேலாக வந்து நேரே திரையில் விழும். அப்போது குடையாவது வேண்டும்.

டிரோனுக்கான செயலியைக் கிளம்பும் முன்பே போட்டு, உள்நுழைந்து வையுங்கள். டிஜேஐ டிரோன்களுக்கான டிஜேஐ ஃபிளை செயலி ஆண்ட்ராய்டின் பிளே ஸ்டோரில் இல்லை, நிறுவனத்தின் தளத்திலிருந்துதான் இறக்க வேண்டும். 20 ஜிபி இடம் காலியாக இருக்கட்டும். பறக்கும் நேரத்தில் அழைப்பு வராதபடி 'தொந்தரவு செய்யாதே' போடுங்கள்.

ஃபோனைக் கன்ட்ரோலரோடு இணைக்கும் கேபிளை மறந்துவிட்டால் பர்மா பஜாரில் வாங்கலாம், ஆனால் 'டேட்டா கேபிள்' என்றே கேளுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளும் பார்க்க அப்படியேதான் இருக்கும். மாட்டினால் பேட்டரி ஏறும், படம் வராது. கடையிலேயே ஃபோனை இன்னொரு ஃபோனோடு இணைத்து, கோப்புகள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.