குழந்தைகளோடு கிறிஸ்துமஸ் தொங்கட்டான் செய்யலாம்: உப்பு மாவு, காகிதப் பனிப்பூ

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடக் குழந்தைகளே தங்கள் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது உப்பு மாவுதான். கொஞ்சம் வாயில் போய்விட்டாலும் ஒரே கரிப்பு, தானே துப்பிவிடுவார்கள். ஆனால் பெரும்பாலான செய்முறைகளில் மாவு பிசைவதைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, "பிறகு காயவிடவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நான் சறுக்கியது அந்த ஒரு வரியில்தான்.

வேண்டியவை: மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப்பிலிருந்து ஒரு கப் வரை. கல் உப்பு வேண்டாம், மேல்பரப்பு சொரசொரவென்று ஆகிவிடும், பெயின்ட்டும் சீராகப் பிடிக்காது. அப்புறம் பூரிக்கட்டை, பிஸ்கட் அச்சு (இல்லாவிட்டால் ஏதாவது ஒரு மூடி), ஒரு ஸ்ட்ரா, நான்கு ஐஸ் குச்சிகள்.

மாவையும் உப்பையும் முதலில் கலந்துகொண்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பத்து நிமிடம் விடாமல் பிசையுங்கள். இதைக் குழந்தைகளிடமே விடுங்கள், அவர்களுக்கு இதைவிடப் பிடித்த வேலை இல்லை. விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்க வேண்டும், விரலில் மாவு ஒட்டக் கூடாது. ஒட்டினால் ஒரு கரண்டி மைதா சேருங்கள். தண்ணீர் கூடிய மாவு காயும்போது கட்டாயம் வெடிக்கும்.

தேய்க்கும்போது இரண்டிரண்டு ஐஸ் குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, மாவின் இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி வைத்துவிட்டு, அவற்றின் மேல் பூரிக்கட்டையை ஓட்டுங்கள். சுமார் 4 மில்லிமீட்டர் கனம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரும். நாலு வயதுக் குழந்தை உருட்டினாலும் மேடு பள்ளம் வராது. கனம் ஒரே சீராக இல்லாவிட்டால் மெல்லிய பக்கம் முன்னால் காய்ந்து சுருங்கி, தடித்த பக்கத்தை இழுத்து வளைத்துவிடும்.

வெட்டியவுடனே, பட்டர் பேப்பரில் எடுத்து வைப்பதற்கும் முன்னால், துளை போட்டுவிடுங்கள். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே ஸ்ட்ராவை இறக்கி, ஒரு திருகு திருகித் தூக்கினால் வட்டமாக வந்துவிடும். முதல் வருடம் நான் இதை மறந்துவிட்டேன். பன்னிரண்டு நட்சத்திரமும் நன்றாகக் காய்ந்த பிறகு கம்பியால் துளை போடப் போய் ஏழு உடைந்தன. அதில் என் மகள் பெருவிரல் ரேகை பதித்ததும் ஒன்று. இன்றைக்கும் அது மனதில் இருக்கிறது. பின்பக்கம் பெயரையும் வருடத்தையும் பல்குச்சியால் கீறுவதையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

இனி காயவைப்பது. மேல்தோல் சீக்கிரம் காய்ந்து இறுகிவிடுகிறது, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்கிறது. சூடு அதிகமானால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் நடுவில் கொப்பளமாக உப்பும். அதனால் அடுப்பு எவ்வளவு மெதுவாக வேலை செய்கிறதோ அவ்வளவு நல்லது. ஓவன் இருந்தால் 100 டிகிரி செல்சியஸ், இரண்டு முதல் மூன்று மணி நேரம், மணிக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். அவசரப்பட்டு 180 வைத்தால் உப்பிப் பழுப்பேறிவிடும். ஓவன் இல்லையென்றால் காற்றோட்டமான இடத்தில் கம்பித் தட்டின் மேல் மூன்று நான்கு நாள், தினம் இரண்டு தடவை திருப்பிவிட்டால் போதும். திருப்பாமல் விட்டால் ஓரம் கிண்ணம் மாதிரி மேலே எழும்பிவிடும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க நிறத்தை நம்பாதீர்கள். முழுக்க ஆறவிட்டு, ஒன்றை எடுத்துப் பின்பக்கத்து நடுவைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, அது ஆவியாகிக்கொண்டிருப்பதால்தான் அந்தக் குளிர்ச்சி. நகத்தால் தட்டினால் ஓட்டுத் துண்டைத் தட்டியது போல டொக்கென்று கேட்க வேண்டும்.

வண்ணத்துக்கு அக்ரிலிக் மட்டும்தான் என் தேர்வு. வாட்டர் கலரில் தண்ணீர் அதிகம், மேல்பரப்பு கரைந்து கொழகொழக்கும். பெயின்ட் காய்ந்ததும் இரண்டு பக்கமும், துளைக்குள்ளும் சேர்த்து, தெளிவான வார்னிஷ் ஒரு கை பூசுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்துப் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பூசாமல் விட்டால் மழை நாளில் மறுபடி நொய்ந்துவிடும். வெள்ளைப் பசை பூசலாம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அது சரிவரவில்லை, ஈரக் காற்றில் பிசுபிசுக்கிறது. மாட்ட ரிப்பன் அல்லது சணல் நூல் நல்லது, மெல்லிய கம்பி துளையின் ஓரத்தை அறுத்துவிடும்.

மாவு காய்கிற மூன்று மணி நேரம் குழந்தைகள் சும்மா இருக்க மாட்டார்களே, அதற்குத்தான் காகிதப் பனிப்பூ. பனித்துகளுக்கு ஆறு கைகள்தான். பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்படுவதுதான் காரணம். 1885-இல் வில்சன் பென்ட்லி என்பவர் நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து ஒற்றைப் பனித்துகளைப் படம்பிடித்தார், பிறகு ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். அந்தப் படங்களை முதலில் காட்டிவிட்டு வெட்டச் சொல்லிப் பாருங்கள், குழந்தைகள் வெட்டுகிற விதமே மாறிவிடும்.

சதுரக் காகிதத்தைக் குறுக்காக மடித்து முக்கோணமாக்கி, அதை இன்னொரு முறை பாதியாக மடியுங்கள். காகிதத்தின் நடுப்புள்ளி இப்போது ஒரு மூலையில் இருக்கும். அடுத்த மடிப்பில்தான் எல்லோரும் தவறுகிறார்கள்: பழக்கத்தில் மறுபடி பாதியாக மடித்தால் நான்கு கைதான் வரும். அந்த மூலையை மூன்றாகப் பிரிக்க வேண்டும், ஒரு பக்கத்தை முன்னாலும் இன்னொரு பக்கத்தை பின்னாலும். ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்வரை நகர்த்திப் பார்த்துவிட்டு அதற்கப்புறம் அழுத்துங்கள். வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளை நறுக்கிவிட்டு, பக்கங்களில் விருப்பம்போல வெட்டலாம். மடிப்பு ஓரத்தை முழுக்க வெட்டிவிட்டால் மட்டும் துண்டு துண்டாக உதிர்ந்துவிடும்.

இப்போது கையில் இருப்பது 12 அடுக்கு. சாதாரண ஏ4 தாளில் சின்னக் கத்தரிக்கோல் திணறும், குழந்தை வெறுத்துப் போய் எழுந்துவிடும். பட்டம் ஒட்டும் மெல்லிய காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த ஒருவருக்கு 100 டிகிரியிலும் எல்லாம் உப்பிவிட்டதாம். விசாரித்தால், அவர் வாங்கியது ஏற்கனவே பேக்கிங் பவுடர் கலந்த மாவு. பாக்கெட்டைப் படித்துவிட்டு வெறும் மைதாவாக வாங்குங்கள்.

இன்னொருவர் வீட்டில் நாய் கீழ்க்கிளையில் தொங்கியதைக் கடிக்கப் போயிருக்கிறது. இதில் இருக்கிற உப்பு நாய்க்குக் கொஞ்சம் போனாலும் ஆபத்து. வளர்ப்புப் பிராணி இருக்கிற வீட்டில் மேல் கிளையில்தான் மாட்ட வேண்டும், பிசைந்து மீந்த மாவையும் கைக்கெட்டும் இடத்தில் விடாதீர்கள். தின்றுவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.