கிரெடிட் கார்டு: ஆயிரம்தானே பாக்கி என்று விடாதீர்கள்

புதிதாகக் கார்டு வாங்கியவர்கள் என்னிடம் பில்லைக் கொண்டுவந்து நீட்டுவது வழக்கமாகிவிட்டது. "ஒழுங்காகத்தான் கட்டினேன், ஆனாலும் வட்டி போட்டிருக்கிறான்" என்பதுதான் பெரும்பாலும் புகார். ஒரு காலத்தில் இதே புகாரோடு அலைந்தவன் என்பதால் நானும் பொறுமையாகவே பார்த்துச் சொல்கிறேன். ஓடிபியை யாரிடமும் சொல்லாதே, வரவுக்கு மேல் தேய்க்காதே, கட்டும் தேதியை மறக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். எல்லாம் சரியாகச் செய்கிறோம் என்ற நினைப்போடு செய்கிற தவறுகளைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொஞ்சம் குறைத்துக் கட்டுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

பில் 50,000 வந்திருக்கிறது. கையில் 49,000 இருக்கிறது. அதைக் கட்டிவிட்டு, "ஆயிரம்தானே பாக்கி, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுகிறார்கள். மாத வட்டி 3 சதவீதம் என்றால் ஆயிரத்துக்கு முப்பது. இது அவர்கள் போடும் கணக்கு. அடுத்த பில்லைப் பிரித்தால் வட்டி மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் நிற்கும்.

தேய்த்த நாளிலிருந்து டியூ டேட் (பில் கட்டக் கடைசித் தேதி) வரை வட்டி கிடையாது என்கிறார்களே, அது நிபந்தனையோடு வருகிற சலுகை. பில்லில் உள்ள மொத்தத் தொகையையும் அந்தத் தேதிக்குள் கட்டினால்தான் உண்டு. குறைத்துக் கட்டினால் சலுகை மொத்தமாகப் போய்விடும். பல வங்கிகள் நீங்கள் பொருள் வாங்கிய நாளுக்கே திரும்பிப்போய் வட்டி போடும். ஒரு மாதம் 10ஆம் தேதி 50,000 தேய்த்தீர்கள், அடுத்த மாதம் 25ஆம் தேதி 49,000 கட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடையில் 45 நாள். ஆண்டுக்கு 36 சதவீதம் என்ற கணக்கில் 50,000-க்கு 45 நாள் வட்டி ஏறத்தாழ 2,200. ரூபாயோ ரியாலோ, கணக்கு ஒன்றுதான். பாக்கி வைத்த ஆயிரத்துக்கான வட்டி இதற்கு மேல் வரும் சில்லறை.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு வந்த கார்டு சட்டம், தேதிக்குள் கட்டிய பகுதிக்கு வட்டி போடக் கூடாது என்று தடுத்துவிட்டது. உங்கள் கார்டு எந்த வகை என்பது ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கார்டு வந்த அன்று அந்த ஒரு பகுதியையாவது படியுங்கள்.

சரி, 2,200 போனது போகட்டும் என்றாலும் கதை முடியாது. பாக்கி இருக்கும்வரை புதிதாகத் தேய்க்கும் ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிடும். பெட்ரோல் போட்டாலும் டிக்கெட் எடுத்தாலும் இதே கதிதான். அப்புறம் பயந்துபோய் அடுத்த பில்லை முழுவதுமாகக் கட்டினாலும், ஸ்டேட்மென்ட் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அதற்கடுத்த பில்லில் எட்டிப்பார்க்கும். "எல்லாம் கட்டியாயிற்றே, இது ஏதோ பிழை" என்று அதைக் கட்டாமல் விட்டால் மறுபடியும் பாக்கிக்காரர்தான். அதையும் கட்டித் தொலைத்துவிட்டு, தேவையானால் பிறகு சண்டை போடுங்கள்.

என் அலுவலகத்தில் ஒரு தம்பி, கணக்கில் கெட்டிக்காரன். வாங்கிய பொருள் ஒன்றைத் திருப்பி அனுப்பியிருந்தான். "ரீஃபண்ட் வரப்போகுதுண்ணே, அதான் கழிச்சிட்டுக் கட்டினேன்" என்றான் பெருமையாக. ரீஃபண்டும் வந்தது, டியூ டேட் போன பிறகு. அந்த மாத பில் முழுவதற்கும் வட்டி விழுந்தது. கடைக்காரர் அனுப்பிவிட்டேன் என்கிறார், வங்கி எங்களுக்கு இன்னும் வரவில்லை என்கிறது. இதற்கிடையில் தேதி யாருக்காகவும் நிற்பதில்லை. ரீஃபண்ட் எப்போது வரும், எந்த பில்லில் கழியும் என்று ஆராய்வதைவிட, பில்லில் போட்ட தொகையை அப்படியே கட்டிவிடுவது மேல். பிறகு வருவது கணக்கில் வரவாக நிற்கும். அடுத்த பில்லில் கழிந்துவிடும்.

இதைவிட மோசமான இன்னொன்று ஆட்டோ டெபிட், அதாவது பில் பணத்தை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: மொத்தத் தொகை, மினிமம் டியூ (அந்த மாதம் குறைந்தபட்சம் கட்டியாக வேண்டிய தொகை). தெரிந்த பெண் ஒருவர் இரண்டாவதில் டிக் போட்டிருக்கிறார். மாதாமாதம் கணக்கிலிருந்து பணம் போனதால் எல்லாம் கட்டப்படுகிறது என்று நிம்மதியாக இருந்தார். லிமிட் தீர்ந்துபோய் கார்டு மறுக்கப்பட்ட அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. மினிமம் டியூ 5 சதவீதம், மாத வட்டி 3 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவதில் பாதிக்கு மேல் வட்டிக்கே போகும். மினிமம் மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை காலம் ஆகும் என்பதை பில்லிலேயே அச்சடிக்க வேண்டும் என்று மேலே சொன்ன அமெரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்தியது. அச்சடித்தும் படிக்காதவர்களை ஒன்றும் செய்ய முடியாது.

இதை வாசிக்கும்போதே உங்கள் ஆட்டோ டெபிட் எதில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போடுவது

வேண்டாம். கட்டணம் தனி, வட்டி அந்த நிமிடத்திலிருந்து.

"வட்டியில்லாத" இஎம்ஐ

வட்டியே இல்லையா என்றால், யாரோ கட்டுகிறார்கள். சில சமயம் விற்பவர், பல சமயம் உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடி. இதே பொருளை மொத்தப் பணம் கொடுத்து வாங்கினால் என்ன விலை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பதில் அதில் இருக்கும். பிராசஸிங் கட்டணம், வட்டிப் பகுதிக்கு வரி என்று சில இடங்களில் தனியாகவும் பிடிப்பார்கள். இன்னொன்று, மீதி அசல் கட்டி முடியும்வரை அந்த அளவு லிமிட் முடங்கிக் கிடக்கும். அவசரத்துக்குக் கார்டு இருக்கிறது என்ற தைரியத்தில் இருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டில் சொந்த நாணயத்தைத் தேர்ந்தெடுப்பது

பார்க்க நல்ல வசதி போலத் தெரியும். மெஷின் திரையில் "உங்கள் நாட்டு நாணயத்திலேயே கட்டலாமா" என்று கேட்கும். மாற்று விகிதத்தில் தங்கள் லாபத்தைச் சேர்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அந்த ஊர்ப் பணத்தையே அழுத்துங்கள்.

கார்டு தரும் பரிசுப் புள்ளிகளுக்காகச் செலவு செய்வது

செய்யாதீர்கள்.

கார்டின் நல்ல குணத்தைப் பயன்படுத்தாமல் விடுவது

இத்தனை திட்டிய பிறகும் நான் ஏன் கார்டு வைத்திருக்கிறேன் என்பதற்குக் காரணம் இது. ஒரு பயிற்சி வகுப்புக்கு முன்பணம் கட்டியிருந்தேன். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே நடத்தியவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போனும் இல்லை, பதிலும் இல்லை. வங்கியிடம் எழுத்தில் முறையிட்டேன். ரசீது, அவர்களுக்கு அனுப்பிய மெயில் எல்லாம் இணைத்தேன். காத்திருக்க வைத்தார்கள், ஆனால் பணம் திரும்ப வந்தது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் போனது போனதுதான். டெபிட் கார்டிலும் இப்படி முறையிடலாம், ஆனால் முடிவு வரும்வரை வெளியே நிற்பது உங்கள் சொந்தப் பணம்.

இதற்குச் சட்டப் பின்பலமும் பழையது. அமெரிக்காவில் பில் தகராறு பற்றிய சட்டமும், பிரிட்டனில் நுகர்வோர் கடன் சட்டமும் 1974ஆம் ஆண்டில் வந்தவை. பிரிட்டன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளில் விற்றவர் ஏமாற்றினால் கார்டு கொடுத்த நிறுவனமும் பொறுப்பு. அமெரிக்காவில் பில் அனுப்பிய 60 நாளுக்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும். எந்த நாட்டிலும் இப்படி ஏதாவது ஒரு கெடு இருக்கும் என்று வைத்துக்கொண்டு, விற்றவர் "அடுத்த வாரம் பார்க்கலாம் சார்" என்று இழுக்க ஆரம்பித்ததுமே வங்கிக்கு எழுதிவிடுங்கள்.

கார்டை வெட்டிப் போட்டதும் கணக்கு முடிந்தது என்று நினைப்பது

பிளாஸ்டிக்கை வெட்டினால் கணக்கு மூடாது. ஆண்டுக் கட்டணம் வழக்கம்போல விழும். முதலில் அந்தக் கார்டில் மாதாமாதம் போகும் சந்தாக்களை வேறு கார்டுக்கு மாற்றுங்கள். மேலே சொன்ன மிச்ச வட்டி ஏதும் வருகிறதா என்று ஒரு பில் பொறுத்துப் பார்த்துக் கட்டுங்கள். சேர்ந்த புள்ளிகளைச் செலவழியுங்கள். அப்புறம் மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து, பாக்கி ஏதும் இல்லை என்ற கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.