கத்திரிக்கு முன் ரேடியேட்டரைக் கவனியுங்கள்

போர்ஷே பாக்ஸ்டர் காரில் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருந்தாலும், ரேடியேட்டர்கள் முன்பம்பரின் இரு ஓரங்களிலும் இருப்பதால், ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மணலும் சருகுகளும் காற்றுத் துவாரங்கள் வழியே புகுந்து, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஈரத்தோடு தங்கி, அலுமினியத் தகடுகளை மெல்ல அரித்துவிடும். கத்திரி வெயில் தொடங்குமுன் பம்பரைக் கழற்றி அந்த மணலையும் சருகுகளையும் அகற்ற மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர் மெல்லிய தகடுகளை வளைத்துவிடும் என்பதால், மென்மையான பிரஷும் வேக்குவம் கிளீனருமே போதும்.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்தால், சென்னையின் உப்பு கலந்த போர்வெல் தண்ணீரை ஊற்ற வேண்டாம். உப்புகள் உள்ளே படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட கூலன்டை, அடர்த்தியானதாக இருந்தால் மட்டும், பொதுவாகச் சரிபாதி டிஸ்டில்டு வாட்டருடன் கலந்து, எஞ்சின் முற்றிலும் ஆறிய பின்னரே மூடியைத் திறந்து ஊற்றவும். பழைய கூலன்ட் பளிச்சென்று தெரிந்தாலும் அரிப்பைத் தடுக்கும் ஆற்றலை இழந்திருக்கலாம். நிறத்தை நம்புவது வீண்.